தொட்டி, சங்கு, கிண்ணம்

புதுச்சேரியில் லாஸ்பேட்டையிலோ ரெட்டியார்பாளையத்திலோ இரண்டு தெரு நடந்தால் ஒரு பலகை கண்ணில் படும்: 'பிளே ஸ்கூல் அண்ட் கிரெச்'. கிரெச், கிரீச், கிரஷ் என்று ஒவ்வொரு பெயிண்டரும் ஒவ்வொரு மாதிரி எழுதுகிறார். எங்கள் தெருவில் பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன் வாங்கும் 'சொல்தா' தாத்தா ஒருவர் இருக்கிறார். அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குச் சிரிப்பு. "மாட்டுத்தொட்டின்னு எழுதி மாட்டி வெச்சிருக்கானுங்க, தெரியுமா?" என்பார்.

அவர் சொல்வது சரிதான். பிரெஞ்சில் 'கிரெஷ்' என்றால் முதல் பொருள், மாடு தீவனம் தின்னும் தொட்டி. குழந்தை ஏசுவைக் கிடத்தியதும் அப்படியொரு தொட்டியில்தான் என்பதால் கிறிஸ்துமஸ் குடிலுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. டிசம்பரில் சம்பா கோயிலில் வைக்கோல் பரப்பி வைப்பார்களே, அதுதான். அங்கிருந்து அந்தச் சொல்லைக் குழந்தைகள் காப்பகத்துக்குக் கொண்டுவந்தவர் ஃபிர்மேன் மார்போ. பாரிஸில் ஒரு வட்டாரத்தின் துணை மேயர். கூலிவேலைக்குப் போகும் பெண்களின் கைக்குழந்தைகளுக்காக 1844 நவம்பர் 14-ஆம் தேதி ஷய்யோ என்ற பகுதியில் முதல் கிரெஷைத் திறந்தார்.

அன்றைய பாரிஸில் வேலைக்குப் போகும் தாய்க்கு இருந்த வழிகள் இரண்டுதான். பிள்ளையை யாரோ ஒரு கிழவியிடம் காசு கொடுத்து விடலாம். இல்லையென்றால் எங்கோ ஒரு கிராமத்துச் செவிலித்தாயிடம் அனுப்பிவைக்கலாம். அப்படி அனுப்பிய பிள்ளைகளில் ஏராளமானவை திரும்பி வரவில்லை. அவற்றைக் கண்காணிக்க 1874-இல் பிரான்சில் தனியாக ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது. மார்போவின் கிரெஷில் வேறு ஏற்பாடு. பால்குடி மறக்காத குழந்தையின் தாய், வேலைக்கு நடுவே வந்து பால் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். பிள்ளை தூங்குகிறதா, விளையாடுகிறதா என்பதெல்லாம் அப்புறம், முதலில் வயிறு. தொட்டி என்ற பெயருக்கு இதைவிட என்ன பொருத்தம் வேண்டும்?

நம் ஊரில் இந்தக் கதை மில்லுக்குள் நுழைகிறது. சவானா, ரோடியர், கெப்ளே என்று மூன்று பஞ்சாலைகள். 1936 ஜூலை 30-ஆம் தேதி வேலைநிறுத்தம் செய்தவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்து 12 பேர் செத்தார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் எட்டு மணி நேர வேலைக்குச் சட்டம் வந்தது. புதுச்சேரிக்காரர்கள் நியாயமாகவே பெருமைப்படும் விஷயம். ஆனால் எட்டு மணி நேரம் என்பது பொதுவாக ஓர் உழைப்பாளியின் உடம்பை வைத்துப் போட்ட கணக்கு. பால் கொடுக்கும் உடம்பின் கணக்கு வேறு.

மார்பு ஒரு குடம் அல்ல. குடத்தில் இருப்பதை எடுக்க எடுக்கக் குறையும். மார்பில் எடுக்க எடுக்கத்தான் ஊறும். குழந்தை சப்பும்போது மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி புரோலாக்டினை விடுகிறது. அது பாலைச் சுரக்கச் சொல்கிறது. இன்னொரு பக்கம், மார்பு நிரம்பியபடியே இருந்தால் உள்ளே தேங்கிய பாலே சுரக்கும் செல்களிடம் 'போதும்' என்று சொல்லிவிடுகிறது. இந்தத் தடை உடம்பு முழுவதற்கும் பொதுவானதல்ல, அந்தந்த மார்புக்குத் தனித்தனி. ஒரு பக்கம் மட்டும் குடிக்கும் குழந்தையின் தாய்க்கு மறுபக்கம் மெல்ல வற்றிப்போவது இதனால்தான். காலை எட்டு மணிக்குக் கொடுத்துவிட்டுப் போனவள் மாலை ஆறு மணிக்குத் திரும்பினால், நடுவில் பத்து மணி நேரம் மார்பு கல்லாகக் கட்டிக்கொள்ளும், ரவிக்கை நனையும். நாளடைவில் சுரப்பு குறைந்துகொண்டே போகும். "வேலைக்குப் போனேன், பால் வத்திடுச்சு" என்று பெண்கள் சொல்வது சாக்குப்போக்கு அல்ல. உடலியல் பாடநூலில் உள்ள வரிதான்.

முதல் உலகப் போரின்போது ஆண்கள் போர்முனைக்குப் போக, பெண்கள் தொழிற்சாலைக்கு வந்தார்கள். 1917-இல் பிரான்ஸ் ஒரு சட்டம் போட்டது: குழந்தை பிறந்து ஓராண்டு வரை, வேலை நேரத்துக்குள் தினமும் ஒரு மணி நேரம் பால் கொடுக்க விட வேண்டும். இந்தியாவின் 1961 மகப்பேறு சட்டமும் குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை நாளுக்கு இரண்டு இடைவேளை தந்தது. 2017-இல் அதைத் திருத்தியபோது விடுப்பை 26 வாரமாக்கினார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் கிரெஷ் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய்வரலாம் என்று எழுதினார்கள். அந்த நான்கு முறையில் மார்போவின் வாசனை அடிக்கிறது. 26 வாரம் என்றால் கணக்குக்கு ஆறு மாதம். ஆனால் அதில் எட்டு வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்துவிட்டால், குழந்தைக்கு நாலு மாதம் ஆகும்போது அம்மா பஸ் ஏறியாக வேண்டும். கடை, வீட்டுவேலை, மீன் அங்காடி என்று இருக்கும் பெண்களுக்கு அந்த 26 வாரமும் கிடையாது.

அதனால் பால் டப்பாவில் ஏறிக் காப்பகத்துக்குப் போகிறது. இங்கே வெயில் குறுக்கே வருகிறது.

எடுத்து வைத்த தாய்ப்பால் 25 டிகிரி வரையுள்ள அறையில் நாலு மணி நேரம் தாங்கும், பிரிட்ஜில் நாலு நாள் தாங்கும் என்பது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கு. புதுச்சேரியில் மே மாதம் 25 டிகிரி அறை வேண்டுமென்றால் ஏசி போட வேண்டும். ஆகவே இந்த ஊருக்கு ஐஸ் வைத்த பையும், காப்பகத்தில் வேலை செய்கிற பிரிட்ஜும் அடிப்படைத் தேவை. வெதுவெதுப்பான உணவில் சில கிருமிகள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, நாலு மணி நேரத்தில் பன்னிரண்டு முறை இரட்டித்தால் 4,096. தாய்ப்பால் இதற்குச் சும்மா இடம் கொடுத்துவிடாது. கறந்த பாலுக்குள்ளே உயிருள்ள வெள்ளணுக்கள் இருக்கின்றன. கிருமியின் சுவரை உடைக்கும் லைசோசைம் இருக்கிறது. கிருமிக்கு வேண்டிய இரும்பைப் பூட்டி வைத்துக்கொள்ளும் லாக்டோஃபெரின் இருக்கிறது. முதல் சில மணி நேரம் அதில் கிருமி எண்ணிக்கை ஏறுவதற்குப் பதில் இறங்குவதுகூட உண்டு. பவுடர் பாலுக்கு இந்தக் காவல் இல்லை. டப்பாவைத் திறக்கும்போதே அது கிருமியற்றது அல்ல. அதனால்தான் 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் உள்ள நீரில் கலக்கி, ஆற்றி, உடனே கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தை குடித்து வைத்த மிச்சத்தை அப்புறம் கொடுக்கலாம் என்று எடுத்து வைப்பது எந்தப் பாலுக்கும் ஆகாது. ஒருமுறை வாய் பட்டால் எச்சில் வழியே கிருமி உள்ளே போய்விட்டது.

டப்பாமேல் தேதி எழுதுகிறவர்கள் கூடவே மணியையும் எழுதினால் நல்லது. இரவுப் பாலில் தூக்கத்துக்கான மெலடோனின் இருக்கும். பகல் பாலில் அநேகமாக இருக்காது. விடிகாலைப் பாலில் விழிப்புக்கான கார்ட்டிசால் கூடுதல். பிறந்து சில வாரங்கள் வரை குழந்தைக்குச் சொந்தமாக இரவு பகல் கடிகாரம் கிடையாது. அம்மாவின் கடிகாரத்தைப் பால் வழியாகக் கடன் வாங்கிக்கொள்கிறது போலும்.

ஆறு மாதம் வரை தண்ணீர்கூட வேண்டாம் என்றால் எங்கள் ஊர்ப் பாட்டிகள் நம்ப மாட்டார்கள். "இந்த வெக்கையில நாக்கு ஒட்டிக்காதா?" என்பார்கள். இதை டெல்லி மருத்துவர்கள் 1991-லேயே கோடை உச்சத்தில் சோதித்து லான்செட் இதழில் எழுதினார்கள். தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகளையும், கூடத் தண்ணீரும் குடித்த குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். தண்ணீரால் ஓர் ஆதாயமும் தெரியவில்லை. தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தானே. வெளியிலிருந்து வரும் தண்ணீர் அந்தச் சின்ன வயிற்றில் பாலின் இடத்தைத்தான் பிடித்துக்கொள்ளும்.

தாய்ப்பாலுக்கு வங்கி வைப்பதும் நம் ஊருக்குப் புதிதல்ல. உலகின் முதல் தாய்ப்பால் வங்கி 1909-இல் வியன்னாவில் வந்தது. இந்தியாவில் முதலாவது 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில், டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் தொடங்கியது. நம் ஜிப்மரில் 2016-இல் 'அமுதம் தாய்ப்பால் மையம்' வந்தது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துப் பாருங்கள், ஏ.டி.எம்.! குறைமாதக் குழந்தைகளுக்கான வங்கி இது. பால் மிகுந்த தாய்மார்கள் போடுகிறார்கள். பால் வராத தாயின் பிள்ளை எடுத்துக்கொள்கிறது.

தாய்ப்பால் வங்கிகளில் பாலை 62.5 டிகிரியில் முப்பது நிமிடம் வைத்துக் கிருமி நீக்குவார்கள். அந்தச் சூட்டில் எதிர்ப்புப் புரதங்கள் ஓரளவு போய்விடும். அசையாமல் நிற்பது ஒரு விசித்திரமான சரக்கு: ஒலிகோசாக்கரைடு என்னும் சிறுசிறு சர்க்கரைச் சங்கிலிகள். தாய்ப்பாலின் திடப்பொருளில் லாக்டோசுக்கும் கொழுப்புக்கும் அடுத்து அதிகம் இருப்பது இதுதான். நூற்றுக்கு மேற்பட்ட வகை. ஆனால் குழந்தையால் இதைச் செரிக்க முடியாது. செரிக்க முடியாத ஒன்றை, தன் உடம்பை உருக்கி, ஒரு தாய் ஏன் செய்ய வேண்டும்? விடை 1950-களில் வந்தது. பால் ஜியார்ஜி என்ற குழந்தை மருத்துவரும் ரிச்சர்ட் கூன் என்ற வேதியியலாளரும் கண்டது இது: அந்தச் சங்கிலிகள் பிஃபிடோபாக்டீரியா என்ற நுண்ணுயிருக்கான சாப்பாடு. குழந்தையின் குடலில் அது குடியேறிப் பெருகினால் கெட்ட கிருமிக்கு அங்கே இடமில்லை. ஒரு பாலில் இரண்டு பேருக்குச் சமையல். அதில் ஒருவர் விருந்தாளி.

பால் தயார். குழந்தையின் வாய்க்கு எதில் போவது?

பிரான்சில் 19-ஆம் நூற்றாண்டில் ஒரு புட்டி வந்தது. கண்ணாடிக் குடுவை, அதிலிருந்து நீளமான ரப்பர் குழாய், நுனியில் காம்பு. குழந்தையைப் படுக்கப் போட்டுக் குழாயை வாயில் வைத்துவிட்டால் போதும், யாரும் பிடிக்க வேண்டாம். அதுதான் விற்பனைக்குக் காரணம், அதுதான் கொலைக்கும் காரணம். குழாயின் உட்புறத்தைக் கழுவ வழியே இல்லை. உள்ளே பால் திரிந்து கிருமி படை படையாகப் படிந்தது. 1910-இல் அந்தப் புட்டியை விற்கக் கூடாது என்று பிரான்ஸ் தடைபோட்டது.

இங்கே குபேர் அங்காடி பக்கத்துப் பாத்திரக் கடைகளில் கேட்டுப் பாருங்கள், இன்றைக்கும் எடுத்துக் கொடுப்பார்கள்: சங்கு, அல்லது பாலாடை. உள்ளங்கை அளவு எவர்சில்வர் கிண்ணம், ஒரு பக்கம் அலகு மாதிரி நீண்டிருக்கும். வசதிக்காரர்கள் வெள்ளியில் வாங்குவார்கள். மூலை முடுக்கு எதுவும் கிடையாது, விரலை விட்டுத் தேய்த்து, கொதிநீரில் போட்டு எடுத்தால் தீர்ந்தது. நம் பாட்டிகளின் இந்தச் சாமான் இன்று உலகப் பச்சிளங்குழந்தை மருத்துவத்தில் ஒரு கலைச்சொல். ஆங்கில ஆய்விதழ்களில் 'பாலாடை' என்றே அச்சாகிறது, மொழிபெயர்ப்பே கிடையாது. 1999-இல் டெல்லியில் பாட்டில், கப், பாலாடை மூன்றையும் வைத்துச் சோதித்தார்கள். குறைந்த நேரத்தில் அதிகப் பால் உள்ளே போனது பாலாடையில்தான். 2007-இல் லண்டனில் குறைமாதக் குழந்தைகளிடம் சோதித்தபோது நேர்மாறாக வந்தது: நேரமும் அதிகம், சிந்தலும் அதிகம். இரண்டு முடிவும் உண்மையாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. பாலாடையில் பாதி வேலை கிண்ணத்துடையது, மீதி கையுடையது. அந்தக் கைப்பழக்கம் லண்டனில் எங்கே கிடைக்கும்?

ஆனால் நம் கைப்பழக்கம் எல்லாமே நல்லது என்று சொல்ல மாட்டேன். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையை மல்லாக்கப் போட்டு, கன்னத்தை அழுத்தி, பாலைச் சரித்துவிடும் பழக்கமும் அதே வீடுகளில்தான் இருந்தது. புரை ஏறினால் மூச்சுக்குழாய்க்குள் போகும். சரியான முறை இதற்கு எதிரானது. குழந்தையைச் சாய்வாக நிமிர்த்தி, அலகைக் கீழுதட்டின் ஓரத்தில் வைத்து, பால் உதட்டைத் தொடும்வரை சாய்த்து நிறுத்த வேண்டும். மீதியை நாக்கு பார்த்துக்கொள்ளும்.

ஆறாவது மாதம் கணக்கு மாறுகிறது. முதல் பிரச்சினை இரும்பு. தாய்ப்பாலில் லிட்டருக்கு அரை மில்லிகிராம்கூட இரும்பு இல்லை. குழந்தை பிறக்கும்போதே ஒரு கையிருப்போடு வருகிறது. கடைசி மூன்று மாதம் கருப்பையில் சேர்த்தது. பிறந்தவுடன் தொப்புள்கொடியை வெட்டாமல் ஒன்றிரண்டு நிமிடம் பொறுத்தால் கொடி வழியே இன்னும் கொஞ்சம் ரத்தம் இறங்கி, கையிருப்பு கூடும். அது ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு வரும். அதன்பின் சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் நாடு முழுக்க ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு ரத்தசோகை. ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ளவர்களில் போதுமான உணவு கிடைப்பது நூற்றுக்கு 11 பேருக்குத்தான்.

இரண்டாவது பிரச்சினை யார் கண்ணுக்கும் படுவதில்லை: கஞ்சியின் தடிமன். ஏழெட்டு மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் போக நாளுக்கு 200 கலோரி வெளியிலிருந்து வேண்டும். எட்டு கிலோ எடையுள்ள குழந்தையின் வயிறு ஒரு தடவைக்குக் கொள்வது சுமார் 240 மில்லி. நம் வீடுகளில் 'குழந்தைக்குத் தொண்டையில நிக்கக் கூடாது' என்று கரைக்கும் நீர்க்கஞ்சியில் 100 மில்லிக்கு ஐந்து கிராம் மாவு இருந்தால் அதிகம். அதில் 18 கலோரி. 200 கலோரிக்கு ஒரு லிட்டருக்கும் மேல் குடிக்க வேண்டும்! வயிறு நிறையும், குழந்தை தூங்கிவிடும், அம்மாவும் நிம்மதியாக இருப்பாள். உடம்பு மட்டும் பட்டினி கிடக்கும். சரி, மாவைக் கூட்டுவோம் என்று 100 மில்லிக்கு 20 கிராம் போட்டால் 70 கலோரி கிடைக்கும். ஆனால் அது களி. கரண்டி நட்டுக்கொண்டு நிற்கும், பல் முளைக்காத வாய் அதை என்ன செய்யும்?

மாவுத்துகளைத் தண்ணீரில் சூடாக்கினால் அது ஊதி, தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது. நீளமான மாவுச்சத்துச் சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. சிக்கலைப் பிரிக்க ஒரு கத்தரிக்கோல் வேண்டும். அந்தக் கத்தரிக்கோல் கேழ்வரகுக்குள்ளேயே இருக்கிறது. தானியம் முளைவிடும்போது உள்ளே உறங்கும் கரு, 'எனக்குப் பசிக்கிறது' என்று ஜிப்பரலின் என்ற ஹார்மோனை அனுப்புகிறது. அது போய்ச் சேர்ந்ததும் தானியத்தின் மேலடுக்கு அமைலேஸ் என்ற நொதியைச் சுரந்து, சேமித்து வைத்த மாவுச்சத்தை வெட்டிக் கொடுக்கிறது. முளைகட்டிய தானியம் இனிப்பது இதனால்தான். மைசூர் உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் மல்லேஷியும் தேசிகாச்சாரும் 1980-களின் தொடக்கத்தில் முளைகட்டிய கேழ்வரகையும் பாசிப்பயறையும் சேர்த்துக் குழந்தை உணவு உருவாக்கினார்கள். பரோடாவில் தாரா கோபால்தாஸ் இன்னும் எளிமையாக்கினார்: மொத்த மாவையும் முளைகட்ட வேண்டாம், கடைசியில் ஒரு சிட்டிகை போதும்.

நம்பிக்கை இல்லாமல் நானே வீட்டில் செய்து பார்த்தேன். கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டேன். இரண்டாம் நாள் வெள்ளை முளை எட்டிப் பார்த்தது. மொட்டைமாடியில் உலர்த்தி, வேரைத் தேய்த்து உதிர்த்து, மிக்சியில் அரைத்துச் சலித்து ஒரு டப்பாவில் போட்டேன். பிறகு சாதாரணக் கேழ்வரகு மாவில் களிப் பதத்தில் கிண்டி இறக்கினேன். கை பொறுக்கும் சூடு வந்ததும் முளைமாவு அரைத் தேக்கரண்டி. கிளறும்போது முதல் நிமிடம் ஒன்றுமில்லை, ஏமாந்துவிட்டோமோ என்று நினைத்தேன். திடீரென்று கரண்டிக்குப் பிடி விட்டது. ஓரத்திலிருந்து களி இளக ஆரம்பித்து, ஐந்தாறு நிமிடத்தில் பாயசம் மாதிரி ஒழுகியது. ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்கவில்லை. ஒரு கலோரி குறையவில்லை. பச்சை மாவு சேர்த்திருக்கிறோம் என்பதால் மறுபடி ஒரு கொதி விட்டு இறக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதில் ஒரு சூட்சுமம். மாவை வாசம் வருமளவு வறுத்தால் நொதி செத்துவிடும். நாம் பெருமையாகச் செய்யும் சத்துமாவில் தானியங்களை முளைகட்டிய பிறகு கமகமவென்று வறுத்துவிடுகிறோம். வாசனை நமக்கு, நஷ்டம் குழந்தைக்கு. வறுத்த மாவு வறுத்ததாகவே இருக்கட்டும். பக்கத்தில் வறுக்காத முளைமாவு ஒரு சின்ன டப்பா. கேழ்வரகோ கோதுமையோ இருக்கட்டும், சோளம் வேண்டாம். சோள முளையில் சயனைடாக மாறும் ஒரு சேர்மம் உண்டு. முளைகட்டுவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது: இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பைட்டேட் குறைகிறது. இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் இன்னும் கொஞ்சம் இரும்பு உள்ளே போகும். ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டால் நாற்பதுக்கு மேல் கலோரி. முள் நீக்கி மசித்த மீனின் இரும்பு இன்னும் எளிதாகச் சேரும். உப்பும் சர்க்கரையும் ஒரு வயது வரை வேண்டாம். தேன் கூடவே கூடாது. அதில் பாட்டுலிசம் கிருமியின் வித்து இருக்கக்கூடும், குழந்தைக் குடலுக்கு அதைத் தடுக்கத் தெரியாது. சேனைத் தேன் வைக்கும் வீடுகளில் இதைச் சொல்லி நான் வாங்கிக் கட்டிக்கொண்டதுண்டு.

சுவை எப்போது தொடங்குகிறது? கிண்ணத்துக்கு வெகு முன்பு. வைத்திக்குப்பம், குருசுக்குப்பம் பக்கம் பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறாவைப் புட்டாகச் செய்து, பூண்டை அள்ளிப் போட்டுக் கொடுப்பார்கள், பால் ஊறும் என்று. பால் ஊறுவது சுறாவாலா, பிள்ளை சப்புவதாலா என்றால் என் ஓட்டு பிள்ளைக்கு. ஆனால் பூண்டு வீணாகவில்லை. 1991-இல் ஜூலி மெனெல்லா அமெரிக்காவில் பால் கொடுக்கும் தாய்மாருக்குப் பூண்டு மாத்திரை கொடுத்துப் பார்த்தார். இரண்டு மணி நேரத்தில் பாலில் வாசனை ஏறியது. குழந்தைகள் முகம் சுளிக்கும் என்று எதிர்பார்த்தால், வழக்கத்தைவிட அதிக நேரம் ஒட்டிக்கொண்டு குடித்தன. 2000-இல் பிரான்சில் பெனுவா ஷால் குழுவினர் இன்னும் பின்னால் போனார்கள். கர்ப்பத்தில் சோம்பு வாசனையுள்ள அனீஸ் தின்ற தாய்களின் பிள்ளைகள், பிறந்த சில மணி நேரத்திலேயே அந்த வாசனைக்குத் தலை திருப்பின. ரசத்தின் வாசனையும் மீன்குழம்பின் வாசனையும் இப்படித்தான் ஒரு புதுச்சேரிப் பிள்ளைக்கு முதல் ஸ்பூனுக்கு முன்பே பழக்கமாகியிருக்கும்.

பழகாத சுவைக்குப் பொறுமை வேண்டும். பிரான்சிலும் ஜெர்மனியிலும் 2007-இல் நடந்த ஓர் ஆய்வில், அம்மாக்கள் 'என் பிள்ளைக்குப் பிடிக்கவே பிடிக்காது' என்று கைவிட்ட காயையே ஒருநாள் விட்டு ஒருநாள் எட்டு முறை கொடுக்கச் சொன்னார்கள். பெரும்பாலான குழந்தைகள் எட்டாவது முறை ஆசையாகவே சாப்பிட்டன. நாம் இரண்டாவது முறையிலேயே 'துப்பிடுச்சு' என்று நிறுத்திவிடுகிறோம். ஆறு மாதக் குழந்தை துப்புவதற்கு வெறுப்பு காரணம் ஆக வேண்டியதில்லை. நாக்கு வெளியே தள்ளும் அனிச்சைச் செயல் இன்னும் முழுக்க அடங்கியிருக்காது.

ஊட்டும் விதமே ஒரு சத்து என்பதற்கும் சான்று உண்டு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தினர் நல்கொண்டா பகுதியில் 60 கிராமங்களில் ஒரு சோதனை நடத்தினார்கள். சில கிராமங்களில் என்ன கொடுப்பது என்று மட்டும் தாய்மாருக்குச் சொன்னார்கள். சிலவற்றில் எப்படிக் கொடுப்பது என்பதையும் சொன்னார்கள்: பசிக்கிறதா என்று பார், பேசு, விளையாடு, வாயை மூடினால் நிறுத்து. மன வளர்ச்சி மதிப்பெண் மேலே போனது இந்த இரண்டாவது வகையில்தான்.

நம் பால்வாடிகளுக்குத் தினமும் வந்து உட்காருவது மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள்; அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு மாவுப் பொட்டலம் வீட்டுக்குப் போகும், நாளுக்கு 500 கலோரி என்ற கணக்கில். கைக்குழந்தைகளைப் பகலில் வைத்துக்கொள்ள மத்திய அரசின் கிரெஷ் திட்டம் ஒன்று உண்டு. 2022 முதல் அதற்கு 'பால்னா' என்று பெயர், தொட்டில் என்று பொருள். மாட்டுத்தொட்டி தொட்டிலாகிவிட்டது. அந்தத் திட்டத்தின் கணக்குப்படி 25 பிள்ளைகளுக்கு ஒரு பணியாளர், ஓர் உதவியாளர். நாலு கை, 25 வாய்.

கடலோரக் குப்பம் ஒன்றில் ஒரு காப்பகத்துக்குப் போயிருந்தேன். எதுவென்று சொல்லத் தேவையில்லை. இந்தப் பக்கத்தில் பாட்டியையும் 'ஆயா' என்போம், காப்பகத்து உதவியாளரையும் 'ஆயா' என்போம். அங்கிருந்த ஆயா இரண்டுக்கும் பொருந்துகிற வயதில் இருந்தார். பதினோரு மணிக்குச் சத்துமாவுக் கஞ்சி இறங்கியது. நல்ல பதம், கரண்டியைச் சாய்த்தால் மெதுவாக நழுவியது. இரண்டு வயதுக்குக் கீழே அன்றைக்கு ஆறு பேர். முதல் குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, உதட்டில் தொட்டு, அது வாயைத் திறக்கும்வரை காத்திருந்தார். "வாங்க ராசா, இன்னும் ஒரு வாயி... வேணாமா? சரி, அப்புறமா." பாடநூலில் படம் போடலாம், அப்படி. ஒரு பிள்ளைக்குக் கால் மணி நேரம் ஆனது.

நாலாவது பிள்ளை முடியும்போது பன்னிரண்டு. குண்டானில் கஞ்சி ஆறி, ஆடை படர்ந்து, கட்டியாகியிருந்தது. ஆறினால் மாவுச்சத்துச் சங்கிலிகள் மறுபடி ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். ஐந்தாவது பிள்ளை முதல் வாயை வெளியே தள்ளியது. ஆயா எழுந்து போய்ச் சுடுதண்ணீர்ச் சொம்பை எடுத்துவந்தார். கஞ்சி தளரும்வரை ஊற்றிக் கலக்கினார்.

"இப்ப எறங்கும் பாருங்க" என்றார். இறங்கியது. ஆறாவது பிள்ளை பக்கத்தில் தவழ்ந்தபடி சொம்பைத் தட்டிக்கொண்டிருந்தது.